வீட்டு மரத்தை வெட்டுமுன் யாரைக் கேட்க வேண்டும்?

சென்ற சித்திரை மாதம் பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் தென்னை வேர் வாடல் நோய் பற்றி விவசாயிகளுக்கு விளக்கக் கூட்டம் நடத்தினோம். கூட்டம் கலைந்த பின் ஓர் அம்மையார் தயங்கித் தயங்கி வந்து நின்றார். அவர் கேட்க வந்தது தென்னையைப் பற்றி அல்ல. அவருடைய வீட்டுக்குப் பின்னால், வாய்க்காலை ஒட்டி, கணவர் 26 ஆண்டுகளுக்கு முன் நட்ட தேக்கு மரங்கள் ஏழு நிற்கின்றன. கணவர் காலமாகிவிட்டார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் வேண்டும். மரங்களை விற்றுவிடலாம் என்று ஒரு வியாபாரியைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்.

"தேக்குன்னா கவர்மெண்டு மரமாமுங்க. நாங்களா வெட்டினா கேஸ் ஆயிருமாம். ஏழையும் மொத்தமா அவருக்கே கொடுத்துட்டா ஆபீஸ் வேலையெல்லாம் அவரே பார்த்துக்கறேங்கறார். எங்க வீட்டு மரத்துக்கு நாங்க எதுக்குங்க பயப்படணும்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நேரில் போய் மரங்களை நூல் பிடித்து அளந்து பார்த்தேன். வியாபாரி சொன்ன தொகை, அவ்வட்டாரத்தில் அப்போது நிலவிய விலைக்குப் பாதி கூட இல்லை. அவர் சொன்ன சட்டத்திலும் பாதிதான் உண்மை, மீதி பயமுறுத்தல். எது உண்மை, எது பயமுறுத்தல் என்று பிரித்தறியத் தெரியாததால் நம் கிராமங்களில் பலரும் வீட்டு மரத்தை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். இதற்கு நேர்மாறாக, 'என் நிலம், என் மரம்' என்று வெட்டிப் போட்டுவிட்டு, பிறகு அலுவலகங்களுக்கு நடையாய் நடப்பவர்களும் உண்டு. இரு சாராருக்கும் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

எல்லா மரத்துக்கும் ஒரே சட்டமா?

அண்டை மாநிலமான கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டிலேயே மரப் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டம் இயற்றினார்கள். மர அலுவலர் என்று ஒருவரை நியமித்து, விலக்கு அளிக்கப்பட்ட சில இனங்கள் நீங்கலாக மற்றவற்றை வெட்ட அவருடைய அனுமதி வேண்டும் என்று வைத்தார்கள். மகாராஷ்டிர நகரங்களுக்கு 1975-ஆம் ஆண்டுச் சட்டமும், டில்லிக்கு 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. ஓசூரில் வீடும், எல்லைக்கு அப்பால் ஆனேக்கல்லில் தோட்டமும் வைத்திருக்கும் விவசாயி இரண்டு விதமான நடைமுறைக்கு உட்பட்டவர் என்பதை மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் சமவெளிப் பகுதியின் வீட்டு மரங்கள் அனைத்துக்கும் பொருந்தும்படியான அத்தகைய ஒரே சட்டம் அமையவில்லை. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நோக்கங்களுக்காக இயற்றப்பட்ட சட்டங்களும் விதிகளுமே இருக்கின்றன. ஆகவே "மரம் வெட்ட அனுமதி வேண்டுமா?" என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் விடை சொல்ல இயலாது. அது என்ன மரம், யாருடைய நிலத்தில் நிற்கிறது, வெட்டிய பின் எங்கே போகப் போகிறது என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் விடை கிடைக்கும்.

என்ன மரம்?

முதலில் சந்தனம். இதை யாரும் நடாமலே வேலி ஓரத்தில் முளைத்துவிடும். பறவைகள் பழத்தைத் தின்று விதையை எச்சத்தில் இட்டுச் செல்கின்றன. பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரை ஒட்டவைத்துச் சத்தை உறிஞ்சி வளரும் இயல்பு இதற்கு உண்டு. அதனால் பல வீடுகளில் மரம் தொடைப் பருமன் ஆன பிறகே அது சந்தனம் என்று தெரிய வருகிறது. உடனே ஒரு பயம்: 'சர்க்கார் மரம் நம் வீட்டில் முளைத்துவிட்டதே' என்று இரவோடிரவாகப் பிடுங்கி எறிந்தவர்களை நான் அறிவேன். இது தேவையற்ற பயம். பட்டா நிலச் சந்தன மரங்களுக்கென 2008-ஆம் ஆண்டு தனி விதிகள் வகுக்கப்பட்டன. நிலத்துக்கு உரியவர் சந்தனம் வளர்க்கலாம். ஆனால் தாமாக வெட்டக் கூடாது. தனியாருக்கு மரத்தோடு விலை பேசவும் கூடாது. மாவட்ட வன அலுவலரிடம் மனுச் செய்தால், வனத்துறையே வேரோடு எடுத்துச் சென்று, செலவு போக உரிய பங்கை உரியவருக்குக் கொடுக்கும். மரம் காய்ந்து நின்றாலும் இதே நடைமுறைதான். திருடர்கள் வெட்டிக்கொண்டு போய்விட்டால் அன்றைக்கே காவல் நிலையத்திலும் வனத்துறையிலும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பேசாமல் இருந்துவிட்டால் பழி நம்மீதே திரும்பும்.

அடுத்தது பனை. பனை தமிழ்நாட்டின் மாநில மரம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. செங்கல் சூளைக்காகப் பனைகள் லாரி லாரியாகச் சாய்க்கப்பட்டு வந்த நிலையில், 2021-ஆம் ஆண்டு சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், தவிர்க்க முடியாத நிலையில் பனையை வெட்ட வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. வீடு கட்டும் மனையில் நடுவே ஒற்றைப் பனை நின்றாலும் இது பொருந்தும் என்றே கொள்ளுங்கள். அஸ்திவாரம் தோண்ட ஆள் வந்து நிற்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஓடிப் பயனில்லை. மனை வாங்கும்போதே அதில் நிற்கும் பனைகளை எண்ணி, கட்டடத்தின் வரைபடத்தையே அதற்கேற்ப அமைப்பதுதான் புத்திசாலித்தனம். இன்னொரு விஷயம். 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தபோது, பல ஊர்களில் தென்னைகள் கிடந்த இடத்தில் பனைகள் நின்றதைக் கண்ணால் கண்டேன். வீட்டருகே நிற்கும் பனையைக் கண்டு அஞ்ச வேண்டியது காய்ந்த மட்டை விழுவதற்கு மட்டுமே.

ஈட்டி எனப்படும் தோதகத்திக்கு 1994-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. அது காலவரம்புடன் கூடிய சட்டம். அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வந்தது. காலவரம்பை வைத்து வாதாடும் வேலையை வக்கீல்களுக்கு விட்டுவிடுங்கள். நீங்கள் வன அலுவலரைக் கேட்காமல் ஈட்டியிலும் செம்மரத்திலும் கோடாலி வைக்க வேண்டாம்.

தேக்கைப் பற்றித்தான் குழப்பம் அதிகம். பட்டா நிலத்தில் நீங்கள் நட்ட தேக்கு உங்களுடையதே. அது 'கவர்மெண்டு மரம்' அன்று. வனத்துறையின் பங்கு எங்கே வருகிறது என்றால், அந்தத் தேக்கு காட்டிலிருந்து திருடப்பட்டது அல்ல என்பதை உறுதிப்படுத்தும் இடத்தில்.

சாலையில் ஏற்றினால் சீட்டு வேண்டும்

இங்கே என்னுடைய தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விவசாயி இதே கேள்வியைக் கேட்டார். "உங்கள் பட்டாவில் உள்ள மரம்தானே, தாராளமாக வெட்டுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர் வீட்டுக் கொல்லையில் இருந்த இரண்டு தேக்கை வெட்டி, மகனுடைய புது வீட்டுக் கதவு ஜன்னலுக்காக வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். சோதனைச் சாவடியில் சீட்டு எங்கே என்று கேட்டார்கள். மரமும் வண்டியும் அங்கேயே நின்றன. பட்டா, வரி ரசீது என்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் காட்டி மீட்பதற்குள் வண்டி வாடகை மரத்தின் விலையைத் தின்றுவிட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை குறை கூறவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

நான் அறியாமல் இருந்தது 1968-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகளை. வெட்டிய மரம் நம்முடையதாகவே இருக்கலாம். நம் வீட்டுக் கதவுக்கே போகலாம். ஆனாலும் அது சாலையில் ஏறியதும் எங்கிருந்து வந்தது என்று காட்டும் சீட்டு உடன் இருக்க வேண்டும். சவுக்கு, தைல மரம் போன்ற, பண்ணையில் பயிராகவே வளர்க்கப்படும் சில இனங்களுக்கு விலக்கு உண்டு. தேக்குக்கு அப்படிக் கிடையாது. மரம் நின்ற நிலையில் இருக்கும்போதே வனத்துறையினர் வந்து பார்த்து அளந்துவிட்டால் சீட்டுக் கிடைப்பது எளிது. வெட்டிய பிறகு, வெறும் தடியைக் காட்டி, இது இந்தக் கொல்லையில் நின்றதுதான் என்று நிரூபிப்பது கடினம். ஆகையால் மனு முதலில், ரம்பம் பிறகு.

மரத்தை விற்பவர்கள் அளவையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மர வியாபாரத்தில் கால் சுற்றளவுக் கணக்கு என்று ஒன்று வழங்குகிறது. தடியின் நடுப்பகுதியில் சுற்றளவை அளந்து, அதை நான்கால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்க வேண்டும். சுற்றளவு 4 அடி, நீளம் 10 அடி என்றால் 10 கன அடி. இதே தடியில் உண்மையாக உள்ள மரம் ஏறக்குறைய 12 முக்கால் கன அடி. பட்டையும் வெள்ளையும் கழிவாகப் போகும் என்பதற்காக இந்தக் கணக்கிலேயே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கழிந்துவிடுகிறது. இதற்கு மேலும் 'கழிவு' என்று வியாபாரி குறைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பட்டைக்கு மேல் இறுக்கிப் பிடித்து அளக்கும் நூலையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாருடைய நிலம்?

பொள்ளாச்சி அம்மையாரின் கதைக்குத் திரும்புகிறேன். நில அளவர் வந்து கல்லைத் தேடி அளந்தபோது ஏழு மரங்களில் ஒன்று வாய்க்கால் புறம்போக்கில் நிற்பது தெரிய வந்தது. கணவர் நட்டது, 26 ஆண்டுகள் தண்ணீர் ஊற்றியது எல்லாம் உண்மையே. ஆயினும் அந்த மரம் அரசுடையது. மொத்தமாக வெட்டியிருந்தால் அந்த ஒன்றுக்காக மற்ற ஆறும் சிக்கிக்கொண்டிருக்கும்.

வீட்டு வாசலில் சாலையோரமாக நாம் நட்ட வேம்புக்கும் இதே கதிதான். நிழல் நமக்கு, மரம் பஞ்சாயத்துக்கோ, நெடுஞ்சாலைத் துறைக்கோ சொந்தம். புறம்போக்கில் உள்ள மரத்தின் பலனை அனுபவிக்க வருவாய்த்துறை வழங்கும் 2சி பட்டா என்பது புளியம்பழம் உலுக்கிக்கொள்ளத்தானே தவிர, மரத்தைச் சாய்ப்பதற்கு அல்ல. அரசு நிலத்தில் உள்ள மரங்களை அகற்றுவது பற்றி முடிவு செய்ய மாவட்டந்தோறும் பசுமைக் குழுக்கள் அமைக்கப்பட்டுள்ளன. கார் நிறுத்த இடைஞ்சல், கடையின் பெயர்ப்பலகையை மறைக்கிறது என்ற காரணங்களை எழுதி அங்கே மனுக் கொடுப்பது வீண் வேலை. மாநகராட்சிப் பகுதிகளில், மரம் மதிலுக்கு உள்ளே இருந்தாலும், மண்டல அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து பதில் பெற்றுக்கொள்வது நல்லது. அண்டை வீட்டார் புகார் செய்தால் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்கும்.

மலையில் வீடு வைத்திருப்போர் தனிக் கவனம் செலுத்த வேண்டும். 1955-ஆம் ஆண்டின் மலைப் பகுதிகள் மரப் பாதுகாப்புச் சட்டம் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற, அரசு அறிவித்த மலைப் பகுதிகளுக்குப் பொருந்தும். அங்கே சொந்தப் பட்டாவில் உள்ள மரமானாலும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் முன் அனுமதி வேண்டும். இதைக் கெடுபிடி என்று நினைக்கக் கூடாது. சரிவில் நிற்கும் ஒரு மரத்தின் வேர் மேலே உள்ள வீட்டின் மண்ணையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மரத்தை எடுத்த முதல் மழைக்கு ஒன்றும் ஆகாது. வேர் மக்கிப்போன பிறகு வரும் மழையில்தான் சரிவு நழுவும். அப்போது யாருக்கும் அந்த மரம் நினைவிலிருக்காது.

எல்லை வரப்பின் மீதே நிற்கும் மரம் இரு வீட்டாருக்கும் பொது. ஒருவர் மட்டும் வெட்ட முடியாது. அடுத்த வீட்டுக் கிளை நம் கூரை மேல் நீண்டால், நம் எல்லை வரையில் கழிக்கலாம். அவர் நிலத்தில் இறங்கி வெட்ட உரிமையில்லை. எதற்கும் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெட்டுங்கள். ஒரு முருங்கைக் கிளைக்காக மூன்று தலைமுறை பேசாமல் இருக்கும் வீடுகள் உண்டு.

விழப் போகும் மரம்

சாய்ந்து நிற்கும் மரத்துக்கு அனுமதி வரும்வரை காத்திருக்க முடியுமா என்று கேட்பார்கள். அடுத்தவர் மரம் விழுந்து உங்களுக்கோ, வழியில் போவோருக்கோ உயிராபத்து நேரும் நிலை இருந்தால், கோட்டாட்சியருக்கு எழுதலாம். அத்தகைய மரத்தை அகற்றவோ, முட்டுக் கொடுக்கவோ உரியவருக்கு உத்தரவிட நிர்வாக நடுவருக்கு அதிகாரம் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவாக உள்ளது. மின்கம்பியில் உரசும் கிளையை நீங்கள் தொடவே கூடாது. மின்வாரியத்துக்குச் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பின்புதான் ஆள் ஏற வேண்டும். ஈரத் தொரட்டியால் உயிர் விட்டவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

வெட்டத்தான் வேண்டுமா?

என்னிடம் வரும் மனுக்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் மரத்தை வெட்ட வேண்டிய அவசியமே இருப்பதில்லை. கவாத்து போதும். செம்மயிற்கொன்றை, இயல்வாகை, தூங்குமூஞ்சி ஆகியவை காற்றுக்கு எளிதில் முறிபவை. சென்னையில் 2016 டிசம்பரில் வர்தா புயலின்போது வீதியெங்கும் மரங்கள் விழுந்து கிடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இவற்றுக்கு ஆடி, ஆவணியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, தழையில் கால் பங்குக்கு மிகாமல் குறைத்துவிட்டால் காற்றின் பிடிப்பு குறையும். மொட்டையடிப்பது தவறு. மொட்டையடித்த இடத்தில் கொத்தாகக் கிளம்பும் போத்துகள் உறுதியாகப் பற்றி நிற்பதில்லை. மூன்றாம் ஆண்டு அவையே முதலில் முறியும்.

பெரிய கிளையை ஒரே வெட்டாக மேலிருந்து வெட்டினால், பாதியில் கிளை தொங்கி, அடிமரத்தின் பட்டையை உரித்துக்கொண்டு விழும். முதலில் அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கிளையின் அடிப்புறத்தில் கால் பங்கு அறுக்கவும். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை வீழ்த்தவும். பிறகு மீதி முண்டை, கிளை மரத்தோடு சேரும் இடத்தில் உள்ள தடித்த வளையத்தைக் காயப்படுத்தாமல் எடுக்கவும். வெட்டு வாயில் போர்டோ பசை தடவலாம். மயில்துத்தம் 100 கிராம், நீற்றுச் சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் 1 லிட்டர். இரும்புப் பாத்திரம் கூடாது. மண் பானையோ பிளாஸ்டிக் வாளியோ போதும்.

சுவர் வெடிக்கிறது என்ற புகாரையும் சற்று ஆராய வேண்டும். கரிசல் மண்ணில் மரம் ஈரத்தை உறிஞ்ச, மண் சுருங்கி அஸ்திவாரம் இறங்குவதுண்டு. ஆனால் அதே மண்ணில் பெரிய மரத்தைத் திடீரென வெட்டினால், உறிஞ்ச ஆளில்லாமல் ஈரம் கூடி மண் உப்பி, விரிசல் வேறு பக்கம் கிளம்பும். சுவருக்கும் மரத்துக்கும் நடுவே இரண்டரை அடி ஆழம் பள்ளம் எடுத்து, அந்தப் பக்கத்து வேரை மட்டும் வெட்டிவிடுவது முதல் சிகிச்சை. அடிமரத்தின் குறுக்களவைப் போல் ஐந்து மடங்கு தூரத்துக்குள் வேரைத் தொட வேண்டாம். ஒரே ஆண்டில் இரு பக்கமும் வெட்டவும் வேண்டாம், மரம் சாய்ந்துவிடும்.

மனு எழுதும் முறை

மனுவில் மரத்தின் இனம், எண்ணிக்கை, நெஞ்சளவு உயரத்தில், அதாவது தரையிலிருந்து நாலரை அடியில் சுற்றளவு, சர்வே எண், வெட்டக் காரணம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். பட்டா, சிட்டா, அடங்கல் நகல்கள், மரம் நிற்கும் இடத்தைக் காட்டும் கைப்படம், மரத்தின் புகைப்படம் ஆகியவற்றை இணையுங்கள். மரம் உங்கள் நிலத்தில் நிற்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் சான்று முக்கியம். நத்தம் மனையாக இருந்தால் நத்தம் பட்டா. பாகப்பிரிவினை ஆகாத சொத்தானால் பங்காளிகள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். வெளியூரில் இருக்கும் தம்பியின் கையெழுத்தை நீங்களே போட்டுவிடாதீர்கள். நேரில் கொடுத்தால் தேதியுடன் ரசீது, தபாலில் அனுப்பினால் ஒப்புகை அட்டை. இவ்விரண்டில் ஒன்று கையில் இல்லாத மனு, கொடுக்காத மனுவுக்குச் சமம்.

அந்த அம்மையாருக்கு அனுமதியில் தாமதம் ஏற்படவில்லை. பட்டா இன்னும் காலமான கணவர் பெயரிலேயே இருந்ததுதான் தடையாக நின்றது. வாரிசுச் சான்று பெற்று, தம் பெயருக்கும் பிள்ளைகள் பெயருக்கும் பட்டா மாற்றவே கார்த்திகை வந்துவிட்டது. முதல் ஆண்டுக் கட்டணத்துக்குக் கையில் இருந்த கொஞ்சம் நகையை அடகு வைத்துச் சமாளித்தார். பிறகு மனுக் கொடுத்து, வனத்துறையினர் வந்து அளந்து, மூன்று மரங்களை மட்டும் கன அடிக் கணக்கில் வேறொரு வியாபாரிக்கு விற்றார். நகை திரும்பி வந்தது. மீதி மூன்று மரங்கள் இன்னும் பருத்துக்கொண்டிருக்கின்றன. வாய்க்கால் ஓரத்து ஏழாவது மரமும் அங்கேயே நிற்கிறது.